மறுசுழற்சிக்கு ஏற்ற லோஷன் பாட்டில்: வடிவமைப்பைப் படிப்படியாகப் பார்ப்போம்

பம்ப் வைத்த லோஷன் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒரே பொருள் மாதிரி இருக்கும். பிரித்துப் போட்டால் பாட்டில் ஒரு பிளாஸ்டிக், பம்ப் வேறொரு பிளாஸ்டிக், அதற்குள் ஸ்டீல் ஸ்பிரிங், வால்வில் ஒரு சின்னக் குண்டு, கழுத்தில் பளபளக்கும் அலுமினிய வளையம், பசை தடவி ஒட்டிய காகித லேபிள். இவற்றில் பலவற்றைத் தனித்தனியாகக் கொடுத்தால் மறுசுழற்சி செய்துவிடலாம். சேர்ந்து கிடப்பதுதான் சிக்கல். வாங்கியவர் எவ்வளவு அக்கறையாகக் கழுவிப் போட்டாலும் இது தீராது. வடிவமைக்கும்போதே தீர்க்க வேண்டிய விஷயம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இது: பாட்டிலோடு போகும் ஒவ்வொரு பாகமும் பாட்டிலின் அதே பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுசுழற்சி ஆலையின் தண்ணீர்த் தொட்டியில் தானாகப் பிரிய வேண்டும்.

படி 1: இருப்பதைப் பிரித்துப் பாருங்கள்

உங்கள் பொருளைப் போன்ற ஒன்றை வாங்கி, காலி செய்து, கத்தரிக்க முடிந்ததையெல்லாம் கத்தரியுங்கள். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் நகம் அளவுத் துண்டு போதும். ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டு, துண்டுகளை அமுக்கி விடுங்கள். சோப்பு விடாவிட்டால் மூழ்க வேண்டியதும் மேலே ஒட்டிக்கொண்டு மிதக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38 அளவில் இருப்பதால் அது அடியில் போய் உட்காரும். ஷாம்பு பாட்டில்களில் வரும் எச்டிபிஇ (HDPE) பிளாஸ்டிக் 0.95, பாலிபுரொப்பிலீன் எனும் பிபி (PP) 0.90 என்பதால் இரண்டும் மிதக்கும். ஆலையிலும் இதே வேலைதான் பெரிய தொட்டியில் நடக்கிறது. அப்புறம் ஒரு காந்தத்தை வைத்து, எங்கெல்லாம் இரும்பு ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: பாட்டிலின் பிளாஸ்டிக்கை முடிவு செய்யுங்கள்

பெட், எச்டிபிஇ, பிபி இந்த மூன்றுக்குள் ஒன்று. அடியில் உள்ள முக்கோணத்தில் இவற்றின் எண்கள் 1, 2, 5. தொடக்கத்தில் இந்த மூன்றைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பிவிசி வேண்டவே வேண்டாம். அதுவும் பெட் போலத் தண்ணீரில் மூழ்கும், அதனால் பெட்டுடன் கலந்துவிடும். பெட் பிளாஸ்டிக்கை உருக்கும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கும், பெட் மஞ்சளாகிவிடும். தடித்த சுவருள்ள கிரீம் டப்பாக்களுக்குப் பலர் விரும்பும் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக்கும் இதே வகைச் சிக்கல்தான். பெயரில் பெட் இருந்தாலும் அது குறைந்த வெப்பத்திலேயே இளகும். நறுக்கிய பெட் துண்டுகளை உலர்த்தும்போது இது பிசுபிசுத்துக் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். தாவரத்திலிருந்து வருகிறது என்று பிஎல்ஏ (PLA) பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதையும் கவனியுங்கள்: அதுவும் மூழ்கும், பெட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

படி 3: நிறம்

தரம் பிரிக்கும் இயந்திரம் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்து இது எந்த பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கிறது. கார்பன் பிளாக் எனும் கரித்தூள் நிறமி கலந்த கறுப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும். இயந்திரத்துக்கு அப்படி ஒரு பாட்டில் வந்ததே தெரியாது. கறுப்பு இல்லாமல் முடியாது என்றால், அகச்சிவப்பில் தெரியும் கறுப்பு நிறமிகள் இருக்கின்றன; சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். நிறமே இல்லாத பாட்டில்தான் எல்லாவற்றிலும் மேல். பாட்டில் முழுக்க உலோகப் பூச்சு பூசினால் உலோகம் என்று தவறாக ஒதுக்கப்படும் வாய்ப்பு உண்டு. பெயரை மட்டும் சின்னதாக ஃபாயிலில் பதிப்பது அந்த அளவுக்குத் தொல்லை தராது.

படி 4: லேபிளும் பசையும்

பாட்டிலின் முழு உடம்பையும் மூடும் ஸ்லீவ் எனும் பிளாஸ்டிக் உறையைத் தவிருங்கள். இயந்திரம் ஸ்லீவைத்தான் படிக்கும், பாட்டிலை அல்ல. சிறிய பாட்டிலில் லேபிள் பாதிப் பரப்பைத் தாண்டாமல் இருக்கட்டும்.

பாட்டில் பிபி என்றால் லேபிளும் பிபி. பிரிக்கவே வேண்டாம், சேர்ந்தே உருகும். பாட்டில் பெட் என்றால் மிதக்கும் பிபி லேபிளையும், சூடான கழுவலில் விட்டுவிடும் பசையையும் கேளுங்கள். லேபிள் மேலே, பாட்டில் கீழே என்று தானாகப் பிரிந்துவிடும். பிபி, எச்டிபிஇ பாட்டிலில் காகித லேபிள் நல்லதாகத் தோன்றும். ஆனால் கழுவும்போது கூழாகிப் பிளாஸ்டிக்கோடு போய் ஒட்டும். அதனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: பம்ப்

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். முதல் கேள்வி, பம்ப் உண்மையிலேயே வேண்டுமா? ஓரளவு நீர்த்த லோஷனுக்கு பிபி-யில் செய்த மடக்கு மூடியே போதும். அந்த மூடியின் கீலைப் பாருங்கள்: மெல்லிய ஒரு பட்டை, மூடியோடு சேர்த்தே ஒரே அச்சில் வார்த்தது. கம்பி கிடையாது, இன்னொரு பொருள் கிடையாது. பிபி பலமுறை மடங்கினாலும் அறுந்துபோகாது என்பதால்தான் இது முடிகிறது. பாட்டிலும் பிபி என்றால் மொத்தமும் ஒரே இனம்.

பம்ப் இருந்தே ஆக வேண்டும் என்றால், ஸ்பிரிங் உட்பட முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்த பம்ப் கிடைக்கிறது. சாதாரண ஸ்டீல் ஸ்பிரிங் பம்பையே போடுவதானால் கழற்ற வரும்படி மரையுள்ள கழுத்து வையுங்கள். அமுக்கிப் பூட்டிய கழுத்து வேண்டாம். “பம்பைக் கழற்றிவிட்டுப் பாட்டிலைப் போடவும்” என்று லேபிளில் படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள்.

மூடிகள் வேறு கதை. 5 செ.மீ.க்கும் சின்னதானவை பல நிலையங்களில் சல்லடை வழியாக விழுந்து குப்பையோடு போய்விடும். அதனால் மூடியைப் பாட்டிலிலேயே திருகிப் போடச் சொல்லுங்கள்.

படி 6: கடைசிச் சொட்டு

உள்ளே தங்கும் லோஷன் வீண். கழுவும் தண்ணீரையும் கெடுக்கும். காலிப் பாட்டிலை எடை போட்டு வையுங்கள். நிரப்பி, பயன்படுத்துவது போலவே இனி வராது என்கிறவரை எடுத்து, மறுபடி எடை போடுங்கள். அதிகம் தங்கினால் தோள் பகுதியைச் சரிவாக்குங்கள், அல்லது மூடியை அகலமாக்கித் தலைகீழாக நிற்கும்படி செய்யுங்கள்.

காம்பாக்ட், அதாவது முகப் பவுடர் டப்பா, செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி, காந்தம், கீல் கம்பி, பசையிட்ட உலோகத் தட்டு எல்லாம் ஒரு கையளவு டப்பாவில் இருப்பதால் அது ரொம்பக் கடினம். பசையை விட்டு எல்லாவற்றையும் பூட்டிச் செருகும் அமைப்பாக்குங்கள். தட்டின் அடியில் விரல் வைத்துத் தள்ள ஒரு துளை விட்டால், பவுடர் தீர்ந்ததும் தட்டை மட்டும் மாற்றலாம்.

படி 7: அச்சு வெட்டுவதற்கு முன்

ஒவ்வொரு பாகத்துக்கும் பிளாஸ்டிக், நிறமி, பசை, மை என்ன என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். மாதிரி வந்ததும் கிண்ணத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். சுண்ணாம்புத்தூள் அல்லது டால்க் நிறையக் கலந்த பிபி மூழ்கிவிடும். தாளில் பிபி என்று இருந்தாலும் அப்போது அது உதவாது. சில மாதிரிகளை ஒரு மறுசுழற்சி ஆலைக்கு எடுத்துப் போய், அவர்கள் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அச்சு வெட்டிய பிறகு மாற்றுவது பெரிய செலவு. இந்தக் கட்டத்தில் வரைபடத்தைத் திருத்தினாலே போதும்.