கந்தோரில் ஒரு வயலின்: கொழும்பு ஏசியில் கெடாமல் வைத்திருப்பது எப்படி?

வேலை இடத்தில் ஒரு வாத்தியத்தை வைத்து இடைவேளையில் வாசிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் பயப்படுவது சத்தத்துக்கும் மேலதிகாரிக்கும்தான். இரண்டையும் சமாளித்துவிடலாம். கொழும்பில் உண்மையான தலையிடி, மாலை ஆறு மணிக்கு ஏசியை நிறுத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவது. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

வில் பிடிக்கவும் சுருதி சேர்க்கவும் சரளி வரிசை வாசிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதெல்லாம் ஆசிரியரிடம் கற்கவேண்டியது.

படி 1: எந்த வாத்தியம்?

என் கட்சி வயலின். பெட்டியோடு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி மடியில் வைத்துக்கொண்டு வரலாம், மேசைக்கு அடியில் நிற்கும், மியூட் போட்டால் குரல் அடங்கும். வீணைக்குக் கந்தோரில் இடம் கிடையாது. மிருதங்கத்தின் தோலும் வாரும் ஈரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், அடக்கி வாசித்தாலும் கீழ்மாடிக்குக் கேட்கும். யுகுலேலேயில் நைலோன் தந்தி, துருப்பிடிக்காது. புதிதாகத் தொடங்குபவருக்கு நல்லதுதான், ஆனால் கமகம் என்று போனால் விரல்பலகையில் குறுக்கே பதித்திருக்கும் பிரெட் கம்பி மறிக்கும். ஹெட்போன் போட்ட கீபோர்ட் எல்லாவற்றிலும் சுலபம். நாள் முழுக்க ஒரு கீபோர்டைத் தட்டுகிற நமக்கு இடைவேளையிலும் இன்னொன்றா என்று யோசித்து அதை விட்டேன்.

வீட்டில் இருக்கும் நல்ல வயலினைக் கொண்டுபோகாதீர்கள். கந்தோருக்கென்று மாணவர் தரத்தில், பழையதாக ஒன்று போதும். ஏன் என்பது படி 3இல் விளங்கும்.

படி 2: அனுமதி, கேட் பாஸ்

மேலதிகாரியிடம் வாய்வார்த்தையில் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். நிர்வாகப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்: மதிய இடைவேளையில் மட்டும், மியூட் போட்டு, இன்ன அறையில். மறுப்பவர் அரிது. வாய்வார்த்தை மட்டும் இருந்தால் அந்த அதிகாரி மாறிப்போகும்போது உங்கள் அனுமதியும் கூடவே போய்விடும்.

அதைவிட முக்கியம் வாசலில் இருக்கும் கொப்பி. 2019 ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகு பெரிய கட்டடங்களில் பைகளைத் திறந்து பார்ப்பது கூடியது. நீளமான கறுப்புப் பெட்டியை யாரும் பார்க்காமல் விடமாட்டார்கள். உள்ளே கொண்டுபோவது பிரச்சினையே இல்லை, திறந்து காட்டினால் சரி. வெளியே எடுக்கும்போதுதான் மாட்டுவீர்கள். வாசலைத் தாண்டும் எந்தச் சாமானும் கம்பனிச் சாமான் என்ற எண்ணத்தில்தான் விசாரணையே தொடங்கும். ஆகவே முதல் நாளே "தனிப்பட்ட உடைமை: வயலின் 1, வில் 1, பெட்டி 1" என்று எழுதுவித்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணா ஒருநாள் மேலே வந்து சரளி வரிசையை முழுக்கக் கேட்டுவிட்டு, "பைலா ஒன்றும் வராதா?" என்றார். இன்னும் வரவில்லை.

படி 3: ஈரப்பதம் (இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்)

திங்கட்கிழமை காலையில் என் வயலினின் பிரடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) ஒன்று கையால் அசைக்க முடியாதபடி இறுகியிருந்தது. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு அதே பிரடை தானாகவே கழன்று, தந்தி தொங்கியது. காலையில் யாரோ முறுக்கிவிட்டார்கள் என்று பக்கத்து மேசைக்காரரைச் சந்தேகப்பட்டது போதும் என்று ஒரு ஈரப்பதமானி வாங்கிப் பெட்டிக்குள் போட்டேன். எல்லாம் வெளித்தது.

மரம் ஈரத்தைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். மரத் தந்தி வாத்தியங்களுக்கு ஏற்றது 40 முதல் 60 வீதம் வரையான ஈரப்பதம். கொழும்பின் வெளிக்காற்று பெரும்பாலும் 70க்கு மேல், மழை பெய்த இரவில் 90ஐத் தொடும். பகலில் ஏசி ஓடும்போது அறைக்குள் 50, 55 என்று வந்துவிடும். மாலையில் ஏசி நின்றதும் மெதுவாக ஏறத் தொடங்கி, சனி, ஞாயிறு முழுக்க மேலேயே நிற்கும். திங்கள் காலை ஏசி போட்டதும் மறுபடி கீழே. தொடர்ந்து ஈரமாகவே இருக்கும் வீட்டை மரம் பழகிக்கொள்ளும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்காது. பிரடை வீங்கி இறுகுவதும் சுருங்கி நழுவுவதும் இதனால்தான். கவனிக்காமல் விட்டால் ஓரங்களில் பசை விட்டு வாய் பிளக்கும்.

முதலில் உங்கள் ஈரப்பதமானி சொல்வது உண்மையா என்று பாருங்கள். மலிவானவை பத்து வீதம்கூடப் பிழையாகக் காட்டும். ஒரு சோடாப் போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக்கூடாது, ஈர மணல் போலக் குழைந்து நிற்கவேண்டும். அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் சிப் போட்ட பிளாஸ்டிக் பையில் வைத்துக் காற்றுப் போகாமல் மூடி, ஒரு இரவு விடுங்கள். உப்பு மானியில் படவேண்டாம். காலையில் பையைத் திறக்காமலே பாருங்கள்: 75 காட்டவேண்டும். 69 காட்டினால் உங்கள் மானி 6 குறைத்துச் சொல்கிறது. அந்த ஆறை ஒரு துண்டில் எழுதி மானியின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

இனி உண்மையான வைத்தியம். பெட்டியை மாலையில் மூடாதீர்கள். மதியம், ஏசி நன்றாக ஓடும் நேரத்தில், வாசித்து முடித்ததும் அப்போதே மூடுங்கள். அப்போது பெட்டிக்குள் இருப்பது காய்ந்த காற்று, துணி விரிப்பும் காய்ந்திருக்கும். மூடிய பெட்டியைப் பெரிய தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். கறுப்புக் குப்பைப் பையை மட்டும் தவிருங்கள், துப்புரவு செய்யும் அக்கா எடுத்துப்போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு இரும்பு அலுமாரிக்குள், ஏசிக் காற்று நேராக அடிக்காத தட்டில். ஜன்னல் ஓரமும் வேண்டாம், காரின் டிக்கி வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் வயலினை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

ஈரப்பதத்தை 49 வீதத்தில் நிறுத்தப் பெட்டிக்குள் போடும் போவேடா பைகளைப் பலர் சொல்கிறார்கள். நல்ல சாமான்தான், ஆனால் வயலின் பெட்டி காற்றுப் புகாத பெட்டி இல்லை. வெளியில் பை கட்டாமல் போட்டால் அது கொழும்பின் ஈரத்தையெல்லாம் குடித்து ஊதி நிற்கும். எனக்குப் பிடித்தது நிறம் மாறும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு மணி வாங்குங்கள், ஈரம் ஏறினால் பச்சையாகும். நீல மணியில் கோபால்ட் குளோரைட் என்ற நச்சு இருக்கிறது, அதைச் சமையல் பாத்திரத்தில் போட்டுக் காயவைக்கக் கூடாது. இரண்டு சிறிய பொட்டலம் போதும். அளவு கூடினால் உலர்ந்து 40க்குக் கீழே போகும், அதுவும் கெடுதல்.

2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த மாதிரிக் காலம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், வாத்தியத்தை வீட்டில் வைத்திருங்கள்.

படி 4: பிரடையும் தந்தியும்

நழுவும் பிரடைக்கு வெண்கட்டி, இறுகும் பிரடைக்குக் காய்ந்த சவர்க்காரம். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் தடவிச் சுற்றினால் பிரடை வழுவழுப்பாகச் சுற்றும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும். காசு இருந்தால் பிரடைக்கென்றே விற்கும் களிம்பை வாங்குங்கள். நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர் (சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் சின்னத் திருகாணி) போட்டுக்கொள்ளுங்கள். கந்தோர் வயலினுக்கு இது ஆடம்பரம் இல்லை, பதினைந்து நிமிட இடைவேளையில் பத்து நிமிடம் சுருதி சேர்ப்பதில் போகாமல் இருக்க ஒரே வழி.

தந்திகளை ஒன்றாக முழுக்கத் தளர்த்தவே கூடாது. தந்திகளைத் தாங்கும் குதிரை சரியும், உள்ளே தந்தி அழுத்தத்தில் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சியும் விழுந்துவிடலாம், அதை நிமிர்த்த கடைக்குத்தான் போகவேண்டும். வில்லின் முடியை மட்டும் ஒவ்வொரு முறையும் தளர்த்தி வையுங்கள்.

படி 5: மியூட், அறை

குதிரைமேல் போடும் சின்ன கச்சேரி மியூட் இங்கே உதவாது. பயிற்சிக்கென்று வரும் தடித்த ரப்பர் மியூட் வாங்குங்கள். உலோக மியூட் இன்னும் அடக்கும், ஆனால் கை தவறினால் வயலினின் வார்னிஷில் வடு. ரப்பரே போதும்.

கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறையைப் பார்த்து மயங்காதீர்கள், அங்கே சத்தம் மோதித் திரும்பும், எல்லோரும் பார்த்துக்கொண்டும் போவார்கள். மாடிப்படி இன்னும் மோசம், ஒரு கோடு இழுத்தால் எட்டு மாடிக்கும் கேட்கும். சிறந்த இடம் பழைய கோப்பு அடுக்கிய ஸ்டோர் அறை. கடதாசி சத்தத்தைக் குடித்துவிடும். முதல் தடவை நண்பர் ஒருவரை மிக அருகில் உள்ள கதிரையில் இருத்தி, கேட்கிறதா என்று போனில் கேளுங்கள். தம்புராவுக்குச் சுருதிச் செயலியை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: முதலில் வாசிப்பு, பிறகு சோறு

பார்சலைப் பிரித்து சாப்பிட்டுவிட்டு வாசித்தால், எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் விரல் நுனியில் பருப்புக் கறியின் எண்ணெய் நிற்கும். தந்தியில் மஞ்சள் படியும், வில் வழுக்கும். ஆகவே பன்னிரண்டரைக்கு வாசிப்பு. வாசித்து முடித்ததும் தந்தியையும் ரோசின் தூளையும் பருத்தித் துணியால் துடைத்து, பெட்டியை மூடிக் கட்டிவிட்டுச் சோற்றுக்கு உட்காருங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் தன் கந்தோரில் ஏசி இல்லை, காலி வீதிக்குக் கடல் பக்கமாக, ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும் என்று எழுதியிருந்தார். உங்களுக்கு ஏற்ற இறக்கம் குறைவு, மரம் பிழைக்கும். உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும், அதனால் துணியை மறக்காதீர்கள், மெல்லிய மேல் தந்தி ஒன்றை மேலதிகமாக எப்போதும் லாச்சியில் வைத்திருங்கள்.

இன்னொருவர் இரவு வேலை, ஏசி 24 மணித்தியாலமும் ஓடும் என்றார். படி 3இல் உங்களுக்குத் தேவை ஈரப்பதமானியும் உப்புச் சோதனையும் மட்டும்தான்.

புல்லாங்குழல் பற்றிப் பலர் கேட்டீர்கள். வைத்திருக்க அது எல்லாவற்றிலும் சுலபம், ஆனால் மேல் ஸ்தாயி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும், அதற்கு மியூட்டும் இல்லை. ஏசிக் காற்று நேரே பட்டால் மூங்கில் வெடிக்கும். துணியில் சுற்றி லாச்சியில் வையுங்கள்.

போயா நாள் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் ஏசி இல்லை, கட்டிய பை அதைத் தாங்கும். சித்திரைப் புத்தாண்டுக்குக் கந்தோர் பல நாள் மூடிக்கிடந்தால் தாங்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கேட் பாஸை (சாமானை வெளியே எடுக்கும் அனுமதிச் சீட்டை) இரண்டு நாள் முன்னதாகவே எழுதுவித்துவிடுங்கள். ஏப்ரல் 12ஆம் திகதி பின்னேரம் நிர்வாகப் பிரிவில் கையெழுத்து வைக்க ஆள் இருக்கமாட்டார்.