பேஸ் கிட்டாருக்கு ஒரே ஒரு ப்ரீஆம்ப் பெடல்: பார்த்து வாங்குவது எப்படி?

மேடைக்குக் கிளம்பும் பேஸ் கிட்டார் கலைஞரைப் பார்த்தால் ஒரு குடும்பம் வீடு மாறுவதுபோல இருக்கும். ஆம்ப், டிஐ பாக்ஸ் (கிட்டாரின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் பெட்டி), அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் பெடல், கரகரப்பு சேர்க்கும் ஓவர்டிரைவ் பெடல், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர், எல்லாவற்றையும் கோக்கக் குட்டிக் குட்டிக் கேபிள்கள். இத்தனையும் சுமந்துபோனாலும், கல்யாண மண்டபமோ தேவாலயமோ கல்லூரி அரங்கமோ, கேட்பவர் காதில் விழுவது பெரும்பாலும் உங்கள் ஆம்பின் ஒலி அல்ல. மிக்ஸர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒலிதான் அவர்களுக்குக் கேட்கிறது. அந்த வழியை ஒழுங்காக அமைத்துக்கொண்டால் பாதிச் சாமான் வீட்டிலேயே இருந்துவிடலாம். டிஐ வசதியுள்ள ப்ரீஆம்ப் பெடல் அதற்குத்தான்.

வாங்குவதில் என் கட்சி ஒன்றே ஒன்று: முன்னால் இருக்கும் குமிழ்களில் மயங்குவதற்கு முன், பின்னால் இருக்கும் சாக்கெட்டுகளையும் சுவிட்சுகளையும் பாருங்கள்.

படி 1: அதன் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேட்டரி இல்லாத சாதாரண பேஸ் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் சமிக்ஞை பலவீனமானது. அதன் மின்மறுப்பும் (மாறும் மின்னோட்டத்துக்கு உள்ள தடை, ஓம் கணக்கில்) அதிகம். அதை வாங்கிக்கொள்ளும் கருவியின் உள்ளீடு ஏறக்குறைய 1 மெகாஓம் இருந்தால்தான் ஒலி முழுதாக வந்துசேரும். மிக்ஸரின் லைன் உள்ளீடு பொதுவாக 10,000 ஓம் அளவில்தான் இருக்கும். நேரடியாகச் செருகினால் மேல் அதிர்வெண்கள் உதிர்ந்துபோய், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாகக் கேட்பது இதனால்தான்.

ப்ரீஆம்ப் பெடல் இந்த இடைவெளியைச் சரிசெய்கிறது, சமிக்ஞையைப் பெருக்குகிறது, உங்கள் விருப்பப்படி ஒலியின் குணத்தை மாற்றுகிறது, கடைசியில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்றுமுனைக் கேபிள் வழியாக மிக்ஸருக்கு அனுப்புகிறது. அந்தக் கேபிளில் ஒரே சமிக்ஞை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் போவதால், வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் மறுமுனையில் கழிந்துவிடுகிறது. நீளமான அரங்கத்தில் மேடையிலிருந்து கடைசி வரிசை வரை கேபிள் இழுக்க முடிவதன் ரகசியம் இதுதான்.

ஆம்ப் இல்லாமல் பேஸ் வாசிப்பது புதுப் பழக்கமும் அல்ல. 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே பேஸ் கிட்டாரை நேராக மிக்ஸிங் மேசைக்குக் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னர் நியூயார்க்கின் டெக் 21 நிறுவனம், வால்வு ஆம்பின் குணத்தை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கி சான்ஸ்ஆம்ப் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1990களில் வந்த அதன் பேஸ் டிரைவர் டிஐ இன்றும் பலருடைய பைகளில் இருக்கிறது.

படி 2: எதை விடப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் கிட்டாரிலிருந்து மிக்ஸர் வரை உள்ள கருவிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடந்த சில நிகழ்ச்சிகளில் அதை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று குறியுங்கள். பதில் வராத இடத்தில் கோடு கிழித்துவிடுங்கள். டியூனர் மட்டும் இந்தக் கத்தரிக்கோலுக்குத் தப்பும். அது ஒலியை நிறுத்தவும் உதவுவதால் இருக்கட்டும்.

எல்லாப் பாடலுக்கும் ஒரே நல்ல ஒலி போதும் என்பவருக்கு ப்ரீஆம்ப் பெடல் சரி. திரைப்பாடல்களை அப்படியே மேடையேற்றும் குழுவில் இருந்து, ஒரு பாட்டுக்குக் கோரஸ், அடுத்த பாட்டுக்கு சின்த் பேஸ் என்று மாற வேண்டியவருக்கு பல எஃபெக்ட்களும் ஒரே பெட்டியில் உள்ள மல்டி எஃபெக்ட் கருவிதான் சுமையைக் குறைக்கும். அவர் இத்துடன் இந்தக் கட்டுரையை விட்டுவிடலாம், தவறில்லை.

படி 3: பின்பக்கத்தைப் பாருங்கள்

எக்ஸ்எல்ஆர் வெளியீடு இல்லாத பெடல், எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் உங்கள் டிஐ பாக்ஸுக்கு ஓய்வு தராது. பெயரில் ப்ரீஆம்ப் என்று இருந்தும் சாதாரண ஜாக் வெளியீடு மட்டுமே கொண்ட பெடல்கள் கடைகளில் உண்டு. சுமையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து, எக்ஸ்எல்ஆர் கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். மேடையில் ஆம்புக்கு ஒரு பிளக், மிக்ஸருக்கு வேறெங்கோ ஒரு பிளக் என்று மின்சாரம் எடுக்கும்போது இரண்டின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி, “ம்ம்ம்” என்ற அடித்தொண்டை முனகல் கிளம்பும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்து வீடு என்பதால், முனகலை ஈக்வலைசரால் வெட்டப்போனால் உங்கள் கார்வையும் சேர்ந்து போய்விடும். இந்தச் சுவிட்சை அழுத்திப் பாருங்கள். முனகல் வளையத்தால் வந்ததென்றால் அந்த நொடியே நின்றுவிடும். இதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றச் சொல்லும் மேதாவிகள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து, கேட்காதீர்கள்.

ப்ரீ, போஸ்ட் என்று எழுதிய சுவிட்ச் இருக்கிறதா? ப்ரீ என்றால் பெடல் மாற்றாத சுத்தமான ஒலி மிக்ஸருக்குப் போகும். போஸ்ட் என்றால் நீங்கள் செதுக்கிய ஒலி போகும். மிக்ஸரில் இருப்பவர் ப்ரீயைத்தான் விரும்புவார், அவர் வேலை எளிதாகும். நாமோ ஒலியைச் செதுக்குவதற்காகவே பெடல் வாங்குகிறோம், ஆகவே போஸ்ட். ஆனாலும் இந்தச் சுவிட்ச் இருப்பது நல்லது. அவரோடு மனஸ்தாபம் வரும் நாளில் சமாதானத்துக்கு உதவும்.

சில பெடல்கள் மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் பேன்டம் மின்சாரத்திலேயே இயங்கும். எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் எம்80, டெக் 21இன் பேஸ் டிரைவர் இரண்டும் அப்படி. அடாப்டரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஒரே கேபிளில் போக்கும் வரவும். ஒரு சிக்கல்: பேன்டமில் ஓடும்போது கிரவுண்ட் லிஃப்டை அழுத்தினால் மின்சாரமே துண்டிக்கப்படும் பெடல்கள் உண்டு. கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

ஹெட்ஃபோன் சாக்கெட் இருந்தால் வரவு. ஆம்பெக்கின் எஸ்சிஆர்-டிஐ பெடலில் ஹெட்ஃபோனுக்கு ஒன்று, கைப்பேசியிலிருந்து பாட்டு ஓடவிட ஒன்று என இரண்டு சாக்கெட்டும் உண்டு. வீட்டில் இரவு நேரப் பயிற்சிக்கு ஆம்பே தேவைப்படாது.

படி 4: நடு அதிர்வெண்ணுக்குத் தனிக் குமிழ் கேளுங்கள்

முதல் பெடல் வாங்குகிறவர்கள் பாஸ் (அடி அதிர்வெண்), டிரெபிள் (மேல் அதிர்வெண்) இரண்டையும் திருகிப் பார்த்து மகிழ்ந்து, நடுவில் உள்ளதை மறந்துவிடுகிறார்கள். ஐந்து கம்பி பேஸின் தாழ்ந்த கம்பி 31 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. பல ஸ்பீக்கர்களால் அந்த அடிச்சுரத்தை எழுப்பவே முடியாது. அப்படியும் நீங்கள் வாசிப்பது என்ன சுரம் என்று நமக்குத் தெரிவது, அதற்கு மேலே கிளைக்கும் சுரங்களால்தான். அவற்றில் முக்கியமானவை சுமார் 250 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன.

அறைக்குள் தனியாக வாசிக்கும்போது நடுப்பகுதியைக் குறைத்த ஒலி பட்டுப்போல இருக்கும். அதே ஒலி டிரம்ஸும் கீபோர்டும் கிட்டாரும் சேர்ந்ததும் காணாமல் போகும். அடிப்பகுதியைக் கிக் டிரம் பிடித்துக்கொள்ளும், மேற்பகுதியைக் கிட்டாரும் சிம்பலும் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கென்று மிச்சமிருப்பது நடுதான்.

பேஸ் டிரைவரின் பழைய வடிவத்தில் நடுப்பகுதிக்குக் குமிழே கிடையாது. அதன் இயல்பான குணமும் நடுவில் சற்றுக் குழிந்தது. ராக் இசைக்கு அது அடையாளமாகவே ஆகிப்போனது. இரண்டாம் பதிப்பில் நிறுவனமே மிட் குமிழைச் சேர்த்து, 500 அல்லது 1,000 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சையும் வைத்தது. எம்எக்ஸ்ஆரின் எம்81 இன்னும் ஒரு படி மேலே: எந்த நடு அதிர்வெண்ணைக் கூட்டுவது என்பதையே 250 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தலாம். புதியவருக்கு என் முதல் பரிந்துரை இந்த வகைதான், ஏனென்றால் அரங்கம் மாறும்போது மாற்ற வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு குமிழ்தான். பெஹ்ரிங்கரின் பிடிஐ21 மிக மலிவு, பழைய பேஸ் டிரைவரின் சாயல். மிட் குமிழ் இல்லை, உடலும் பிளாஸ்டிக். காலால் மிதிக்காமல் மேசைமேல் வைத்துப் பழகப் போதும்.

ஓவர்டிரைவ் உள்ள பெடல் என்றால் பிளெண்ட் குமிழ் இருக்க வேண்டும். கரகரப்பு ஏற ஏற அடிக்கார்வை மெலியும். பிளெண்ட் சுத்தமான ஒலியையும் சேர்த்துத் தருவதால் அடி நிற்கும். மெட்டல் இசைக்காரர்கள் ஃபின்லாந்தின் டார்க்கிளாஸ் பெடல்களைத் தேடுவது இந்தக் கரகரப்புக்காக. பக்திப் பாடலுக்கும் மெல்லிசைக்கும் அந்தச் செலவு வீண்.

படி 5: மின்சாரம்

அடாப்டர் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கையேட்டில் சொல்லாத வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். பேட்டரியில் ஓட்டினால், நிகழ்ச்சி முடிந்ததும் உள்ளீட்டு ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள். பல பெடல்களில் பேட்டரிக்கு அந்த ஜாக்தான் சுவிட்ச். காலால் அணைத்தாலும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

படி 6: கடையில் கேட்டுப் பாருங்கள்

உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கடைக்காரர் விலையுயர்ந்த ஆம்பில் செருகிக் காட்டுவார். மரியாதையாக மறுத்துவிட்டு, மிக்ஸரிலோ சாதாரண பவர்டு ஸ்பீக்கரிலோ இணைக்கச் சொல்லுங்கள். ஆம்ப் இல்லாமல் எப்படி ஒலிக்கிறது என்பதற்காகத்தானே வந்திருக்கிறீர்கள்.

முதலில் பெடலை அணைத்தும் இயக்கியும், இரண்டு நிலையிலும் ஒலியளவு சமமாக வரும்படி லெவல் குமிழைத் திருப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் சத்தமான பெடல் எதுவும் நல்ல பெடலாகவே தோன்றும். பிறகு கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்தபடி மிட் குமிழை இடது கோடியிலிருந்து மெல்ல வலப்பக்கம் திருப்புங்கள். ஓரிடத்தில் உங்கள் விரல் பாட்டுக்குள்ளிருந்து எழுந்து வெளியே வரும். அந்த இடம் கிடைக்காத பெடலை அங்கேயே வைத்துவிடுங்கள். கடைசியாக, வாசிக்காமல் கையைக் கம்பிகள்மேல் வைத்துக்கொண்டு இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள்.

படி 7: மேடையில் இணைப்பது

வரிசை எளிது: கிட்டார், டியூனர், ப்ரீஆம்ப், அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் மிக்ஸருக்கு. செருகும்போதும் பிடுங்கும்போதும் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அரங்கம் அதிரும் ஒரு வெடிச்சத்தம் எழும். மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெடலில் 20 டெசிபெல் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடக்க அமைப்பு (குமிழின் குறியைக் கடிகார முள்ளாக எண்ணிக்கொள்ளுங்கள்): பாஸ் 12 மணி நிலையில், மிட் 1 மணிக்கு, டிரெபிள் 11 மணிக்கு, டிரைவ் 9 மணிக்கு. இங்கிருந்து காதுக்கு ஏற்ப நகருங்கள். பிடித்த நிலை கிடைத்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்குள் குமிழ்கள் தானாகத் திரும்பிவிடும்.

மேடையில் ஆம்ப் கொடுத்திருந்தால் பெடலின் மற்றொரு வெளியீட்டை அதன் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் சாக்கெட்டில் செருகுங்கள். பல ஆம்ப்களில் அந்த வழியில் போனால் ஆம்பின் சொந்த ப்ரீஆம்பைத் தாண்டிவிடலாம். அந்தச் சாக்கெட் இல்லையென்றால் முன்பக்கத்திலேயே செருகி, ஆம்பின் ஈக்வலைசரை நடுவில் விட்டுவிடுங்கள். ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டைப் பெடலுக்குள் மட்டும் கொடுக்காதீர்கள், பெடல் கருகிவிடும்.

ஆம்பே இல்லாத மேடையில் உங்களுக்கு நீங்கள் கேட்பது, உங்களை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் வழியாகத்தான். மானிட்டரில் பேஸ் வருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வராது என்றால் ஸ்பீக்கரும் சேர்ந்தே உள்ள ஒரு சிறிய காம்போ ஆம்பைக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

பெடல் வந்ததும் ஈக்வலைசரையும் ஓவர்டிரைவையும் விற்றுவிடலாம். பழைய பாஸிவ் டிஐ பாக்ஸ் இருந்தால் அதை மட்டும் விற்காதீர்கள். அதற்கு மின்சாரமே தேவையில்லை. அடாப்டர் பாதியில் செத்தால் அன்றைய கச்சேரியை அது முடித்துக் கொடுக்கும்.