சேற்றுப்புண்: மருந்து பூசும் முறையும் மீண்டும் வராமற் காக்கும் வழியும்

மாரிகால நெற்செய்கையான காலபோகத்தின் விதைப்புத் தொடங்கி மழையும் பிடித்துக்கொண்டால், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் இறங்குவோர் பலருக்குக் கால்விரல் இடுக்குகள் வெளுத்து ஊறி, தோல் உரிந்து, இரவில் தூங்கவிடாமல் அரிக்கத் தொடங்கும். மழை விட்டால் மாறிவிடும் என்று அதை அப்படியே விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண்டுதோறும் திரும்பி வந்த இந்த நோயை என் கால்களிலிருந்து முழுமையாக நீக்கிய பின்னரே இம்முறையை எழுதுகிறேன்.

பெயரில் சேறு இருந்தாலும், நோயை உண்டாக்குவது தோலிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சை. பெரும்பாலும் ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம் என்னும் வகை. ஈரமும் வெப்பமும் அதற்கு வேண்டும் என்பதால், நாள் முழுவதும் சப்பாத்தும் காலுறையும் அணிந்து வேலை செய்கின்ற, வயலையே மிதிக்காதவர்களுக்கும் இது வருகிறது.

முதலில் சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடையிலுள்ள இடுக்கை விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். உள்ளங்காலிலும் அதன் ஓரங்களிலும் மாவு பூசியதுபோலத் தோல் உலர்ந்து உரிவதும் இதே நோயாக இருக்கலாம். பித்தவெடிப்பு என்று எண்ணிப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஐயம் இருந்தால் வைத்தியசாலையில் தோலைச் சற்றுச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

அடுத்தது கழுவி உலர்த்துவது. வயலால் வந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுவதை எல்லோரும் செய்கிறோம், ஆனால் ஈரக்காலுடனேயே செருப்பை மாட்டிவிடுகிறோம். ஒவ்வொரு இடுக்கிலும் துணியை நுழைத்து ஈரத்தை ஒற்றியெடுத்து, சில நிமிடம் காற்றுப்பட விட்ட பிறகே மருந்தைத் தொட வேண்டும். தடித்த துவாயை விடப் பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த துண்டே எனக்குப் பிடித்தது, ஏனெனில் அது இடுக்கினுள் எளிதாக நுழையும். அந்தத் துண்டால் உடலின் வேறு எந்தப் பகுதியையும் துடைக்கக் கூடாது; பூஞ்சை தொடையிடுக்குக்குப் பரவுவது பெரும்பாலும் அவ்வாறுதான்.

பாமசியில் குளோட்ரிமசோல் 1% கிறீமும் டெர்பினாபின் 1% கிறீமும் கிடைக்கும். விரலிடுக்குப் புண்ணுக்கு டெர்பினாபின் பொதுவாக ஒரு வாரம் போதும் என்பதால், வேலை நெருக்கடியில் மருந்தை மறந்துவிடக்கூடிய கமக்காரருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். குளோட்ரிமசோல் வாங்கினால் நாளுக்கு இருமுறையாவது, புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து மெல்லியதாகப் பூசுங்கள். அரிப்பு சில நாட்களிலேயே அடங்கிவிடும், தோலும் நன்றாகத் தெரியும், பூஞ்சை மட்டும் உள்ளே உயிருடன் இருக்கும்; ஆகவே புண் மறைந்த பின்பும் இரண்டு வாரங்கள் குளோட்ரிமசோல் பூசுவதை நிறுத்தாதீர்கள். அடுத்த மழைக்குத் திரும்பி வரும் புண்களிற் பல, இந்த இரண்டு வாரத்தைத் தவறவிட்டதால் வருபவை.

பீற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் கலந்த கிறீமை நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள். அரிப்பும் சிவப்பும் உடனே அடங்கும். அதன் மறைவில் பூஞ்சை பரந்து, பின்னர் வைத்தியருக்கே அடையாளம் தெரியாத உருவில் நிற்கும்.

மீண்டும் வராமலிருக்க, ஒரே சப்பாத்தை நாளாந்தம் அணியாது இரண்டு சோடிகளை மாற்றி அணியுங்கள். நனைந்த சப்பாத்து உள்ளே உலர ஒரு நாளாவது வேண்டும். காலுறைகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலிற் காயப்போடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் வீட்டு வைத்தியத்தில் நாட்களைக் கடத்தாமல் நேரே வைத்தியரிடம் செல்ல வேண்டும். வெடித்த இடுக்கு வழியாகப் பற்றீரியா புகுந்து, காலில் வீக்கமும் சிவப்பும் ஏறிக் காய்ச்சல் வந்தால் அது எவருக்கும் அவசர நிலை. வயல் நீரிலுள்ள எலிக்காய்ச்சற் கிருமியும் அதே வெடிப்பு வழியாகப் புகக்கூடியது என்பதால், புண் ஆறாமல் சேற்றில் இறங்க வேண்டியிருந்தால் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள்.

பிற்சேர்க்கை: முறையாகப் பூசியும் நோய் திரும்புகிறது என்று வாசகர் சிலர் எழுதியிருந்தார்கள். அப்படியானால் கால் நகங்களைப் பாருங்கள். அவை மஞ்சளாகித் தடித்து நொறுங்கினால் பூஞ்சை நகத்தினுள் இருக்கிறது. அங்கு கிறீம் போய்ச் சேராது. அதற்கு வைத்தியர் டெர்பினாபின் மாத்திரையைப் பொதுவாக 12 வாரங்களுக்கு, ஈரலைப் பரிசோதித்த பின்னரே கொடுப்பார்.