தனிக் கிளாரினெட் இசைத்தாள்: குழப்பமான குறிகளில் நேரும் தவறுகள்

பியானோ துணை இல்லாத உருப்படியில், தப்பாகப் படித்த சுரம் தப்பு என்று காதுக்குத் தெரியாது. மோதிப் பார்க்க இன்னொரு வாத்தியம் இல்லையே. அதனால் குறி புரியாத இடம் வந்ததும் யூடியூபைத் திறந்து, கேட்டதை அப்படியே வாசிப்பது பெங்களூரில் கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் சகஜம். பதிவில் இருப்பது அந்தக் கலைஞரின் முடிவு. இன்னொருவர் அதே வரியை வேறு மாதிரி எடுத்திருப்பார். முதலில் தாளைத் துருவுங்கள்.

அந்தத் தாள் முழுசாக இருக்கிறதா? ஐரோப்பியப் பதிப்புகள் பல ஏ4-ஐ விடப் பெரியவை. ஜெராக்ஸ் கடையில் சுருக்கி எடுத்தால் புள்ளிகள் மங்கும், ஃபிளாட்டும் (சுரத்தை அரைச் சுரம் இறக்கும் குறி) நேச்சுரலும் (அந்த மாற்றத்தை நீக்கும் குறி) ஒன்றுபோலத் தெரியும், அடிக்குறிப்பு வெட்டுப்படும். ஏ3-ல் எடுங்கள், குறிவிளக்கப் பக்கத்தையும் சேர்த்து. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தனிக் கிளாரினெட்டுக்கு எழுதிய மூன்று துண்டுகளில் (1918) மூச்சுக்குறி, அழுத்தக்குறி, மெட்ரோனோம் எண் மூன்றையும் கண்டிப்பாக மதிக்க வேண்டும் என்றே அச்சிட்டிருக்கிறது. முதல் இரண்டுக்கு ஏ கிளாரினெட், மூன்றாவதற்கு பி ஃபிளாட் என்ற பரிந்துரையும் உண்டு. இதையெல்லாம் பார்க்காமல், மூச்சு முட்டும் இடத்திலெல்லாம் நாமே காற்புள்ளி போட்டுக்கொள்வது சரியல்ல.

அதிகம் தடுக்கி விழுவது ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றும் குறி), ஃபிளாட்டில். பார் கோடு (தாள அளவைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு) இருந்தால் விதி தெளிவு: குறி அந்த பார் முடியும் வரை, அதே ஸ்தாயியில் மட்டும். ஸ்ட்ராவின்ஸ்கியின் இரண்டாவது துண்டில் பார் கோடே கிடையாது. இப்படிப்பட்ட பக்கங்களில், ஒரே சுரம் ஒரே பீமுக்குள் (தண்டுகளை இணைக்கும் தடித்த கோடு) இரண்டு தடவை வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டாவதற்கும் ஷார்ப்பைத் திரும்பப் போட்டிருந்தால், குறி தன்னை ஒட்டிய சுரத்துக்கு மட்டும்தான். திரும்பப் போடாமல், சற்றுத் தள்ளி நேச்சுரல் வைத்து விடுவித்திருந்தால் அதுவரை தொடர்கிறது. ஒரே ஒரு நேச்சுரலை நம்பி முடிவு கட்ட வேண்டாம். அது வெறும் நினைவூட்டலாக இருக்கலாம். மூன்று நான்கு இடமாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையா? அதே வரி வேறெங்காவது திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். அச்சுப்பிழை அங்கேதான் அகப்படும்.

சுரத்தின் தண்டில் மூன்று சாய்கோடு இருந்தால் உடனே நாக்கை ‘ர்ர்ர்’ என்று உருட்டிவிடுகிறார்கள். அது சுரத்தைத் துண்டு துண்டாக அடிக்கச் சொல்வதாகவும் இருக்கலாம். கணக்குப் போடுங்கள். ஒரு கிராட்செட்டில் (வால் இல்லாத, தலை நிரப்பிய சுரம்) மூன்று கோடு என்றால் 8 அடி. வேகம் நிமிடத்துக்கு 60 கிராட்செட் என்றால் வினாடிக்கு 8. தேர்ந்த ஒற்றை நாக்கு தொடக்கூடிய வேகம். வேகம் 120 என்றால் வினாடிக்கு 16. அது ஒற்றை நாக்குக்கு நடக்காது, ஆகவே உருட்டல்தான்.

மெட்ரோனோம் எண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரத்தின் வாலையும் பாருங்கள். இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’யில் (1941) வரும் தனிக் கிளாரினெட் பகுதி, குவேவருக்கு (ஒரு வால் உள்ள, கிராட்செட்டில் பாதி நீளச் சுரம்) ஏறக்குறைய 44. அதை கிராட்செட்டுக்கு என்று படித்தால் வேகம் இரட்டிப்பாகி, உருப்படியே பாழ்.

எந்தக் கிளாரினெட் என்று தாளில் எழுதாவிட்டால், ஆகக் கீழ்ச் சுரத்தைத் தேடுங்கள். சாதாரணக் கிளாரினெட்டின் எல்லை, மூன்றாம் துணைக்கோட்டுக்கு அடியில் தொங்கும் ஈ. டி வரை இறங்கினால், எழுதியதை விடத் தாழ்வாக ஒலிக்கும் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்குப் பெரும்பாலும் ஒலிக்கும் சுருதியிலேயே எழுதிய பகுதி. சி ஷார்ப் வரை போனால் ஏ கிளாரினெட்டாக இருக்கலாம். இன்னும் கீழே இறங்கும் பாஸெட் கிளாரினெட்டுக்கு எழுதியதில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரே மூச்சில் பல சுரம் கேட்கும் மல்டிஃபோனிக்குக்கு, தாளில் தலைகளை அடுக்கிக் காட்டினால் போதாது. ஃபிங்கரிங் படம் வேண்டும். படம் பெரும்பாலும் போம் சிஸ்டம் என்ற சாவி அமைப்புக்கானது. ஆல்பர்ட் சிஸ்டம் என்ற பழைய சாவி அமைப்புள்ள வாத்தியத்தில் அதே விரல் வேறு ஒலி தரும்; பலமுறை ஒன்றுமே தராது. போம் வாத்தியத்திலும் ரீடு, மௌத்பீஸ் மாறினால் மேல்சுரம் வராமல் போகலாம். அப்போது அழுத்தி ஊதாமல், கீழ்ச்சுரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு மேல்சுரத்தைத் தொண்டையால் தேடுங்கள்.

கர்நாடக சங்கீதம் பழகிய கைக்கு இன்னொரு ஆபத்து: ஷார்ப்பின் மேல் அம்புக்குறி கண்டால் கமகம் வந்துவிடும். அம்புக்குறி கேட்பது அசையாத ஒரு சுருதி. பல இடங்களில் அது கால் சுரம், அதாவது அரைச் சுரத்தில் பாதி, டியூனரில் 50 சென்ட். அதே உருப்படியில் கால் சுரத்துக்கென்று தனிக் குறியும் இருந்தால், அம்பு அதைவிடச் சிறிய நகர்வு. அம்பு கீழ்நோக்கி இருந்தால் உதட்டை லேசாகத் தளர்த்தியே அதைக் கொண்டுவரலாம். விரலை மாற்றத் தேவையில்லை.