தில்லிக் குளிருக்கு முன் கற்பூரவல்லியைப் பெருக்கிக்கொள்ளும் முறை

தில்லியில் ஜனவரி மாதத்து இரவுகள் சில 4, 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். ஊரில் கிணற்றடியில் கேட்பாரற்றுப் படரும் கற்பூரவல்லி இந்தக் குளிரைத் தாங்காது. 10 டிகிரிக்குக் கீழே போனாலே வளர்ச்சி நின்று, சதைப்பற்றான தண்டு ஈர மண்ணில் அழுகத் தொடங்கும். சளியும் இருமலும் வரும் காலத்தில் இலை கைக்கெட்ட வேண்டுமானால், பால்கனியில் இருக்கும் பெரிய தொட்டியை மட்டும் நம்பாமல், அதிலிருந்து வீட்டுக்குள் தூக்கி வைக்கக்கூடிய சிறு செடிகளை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இதற்கு ஏற்ற காலம். அப்போது இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால் வேர் எளிதாக இறங்கும். நவம்பர் பாதிக்கு மேல் நட்டால் தண்டு பல வாரம் பச்சையாக நின்றாலும் வேர் விடத் தயங்கும்.

தண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அடியில் பழுப்பேறி முற்றியதும் வேண்டாம், நுனியில் துவளும் தளிரும் வேண்டாம். வளைத்தால் சற்றே இணங்கி, பிறகு மளுக்கென்று ஒடியும் பதத்தில் இருப்பதே நல்லது. சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு (அவை பஜ்ஜிக்கு ஆகும்) மேலே நான்கு இலைகளை மட்டும் விடுங்கள். உடனே நட்டுவிடாமல் அரை நாள் நிழலில் வைத்தால் வெட்டுவாயில் கசியும் நீர் வற்றி, மெல்லிய தோல் போலக் காய்ந்திருக்கும். பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். இதைச் செய்தால் அழுகல் வெகுவாகக் குறையும்.

அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் ஆற்று மணலும் தேங்காய் நார்க்கழிவும் சமமாகக் கலந்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்குமாறு நட்டு, ஒருமுறை நனைத்து, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். இரண்டு மூன்று வாரங்களில் புதுத்துளிர் தெரியும். வேர் வந்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்க்காமல், மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரிகிறதா என்று பாருங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து இரவில் தொட்டியை உள்ளே எடுத்துவிட்டு, பகலில் தெற்கு பார்த்த ஜன்னலிலோ பால்கனியிலோ வெயில் படும்படி வைக்க வேண்டும். ஹீட்டரின் அருகே வைத்தால் இலை கருகும். பனிமூட்டத்தால் பல நாள் வெயிலே வராதபோது தண்ணீர் ஊற்றக் கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். மண் இரண்டு அங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் நண்பகலில் சிறிது ஊற்றலாம். குளிர்காலத்தில் உரமும் வேண்டாம். மார்ச் பிறந்து இரவுக் குளிர் விட்டதும் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, நுனிகளைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துக் கிளம்பும்.