சீனாவுல வாத்தியார் வேலையா? முதல்ல பேரை சரி பண்ணிக்கோங்க

சீனாவுக்கு டீச்சரா போறேன்னு சொன்னா நம்மாளுங்க முதல்ல கேக்குறது சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ, அடுத்தது பாஷை தெரியாம எப்படி இருப்பன்னு. ரெண்டையும் சமாளிச்சுக்கலாம். நிஜமா ஆளை அலைய விடுறது உங்க பேரும் போன் நம்பரும்தான்.

அதுக்கு முன்னாடி விசா. இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு பொதுவா அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரி நாட்டு பாஸ்போர்ட்தான் கேப்பாங்க, இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குறவங்களுக்கு மேத்ஸ், பிசிக்ஸ், கம்ப்யூட்டர்னு சப்ஜெக்ட் டீச்சரா போறதுதான் நடக்குற வழி, டிகிரியும் ரெண்டு வருஷ அனுபவமும் கேப்பாங்க. சர்டிபிகேட் அட்டஸ்டேஷன் எல்லாம் ஊர்லயே முடிச்சுடுங்க. 2023 நவம்பர்ல இருந்து சீனா அப்போஸ்டில், அதாவது சர்டிபிகேட் நிஜம்னு நம்ம அரசாங்கம் குத்துற ஒரே முத்திரையை ஏத்துக்குது, ஆனா எல்லா நாட்டுக்கும் கிடையாது, உங்களுக்கு எதுன்னு ஸ்கூல் ஹெச்ஆர் கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. வரவேண்டியது இஸட் விசா, அதாவது வேலை விசாவுல மட்டும்தான். 'இப்போதைக்கு பிசினஸ் விசாவுல வாங்க சார், அப்புறம் மாத்திக்கலாம்'னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க, வேலை பர்மிட் இல்லாம வேலை பாத்து மாட்டினா 5,000-ல இருந்து 20,000 யுவான் வரை அபராதம், விஷயம் பெருசுன்னா 5-ல இருந்து 15 நாள் வரை உள்ள வைப்பாங்க. பர்மிட் இருந்தாலும் அது உங்க ஸ்கூலுக்கு மட்டும்தான், சாயங்காலம் யாரோ பேரன்ட் வந்து பையனுக்கு டியூஷன் எடுங்கன்னு கேட்டா அதுவும் இதே கணக்குதான்.

இறங்கின 24 மணி நேரத்துக்குள்ள ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணணும், பைச்சூசுவோன்னு சொல்லுவாங்க. ஓட்டல்ல தங்கினா அவங்களே பண்ணிடுவாங்க, வீட்டுக்கு நேரா போனா நீங்கதான் போகணும், வாடகை பத்திரம், பாஸ்போர்ட், முடிஞ்சா வீட்டு ஓனரையும் கூட்டிட்டு போங்க. விட்டுட்டா 2,000 யுவான் வரை அபராதம் போடலாம். அங்க குடுக்குற துண்டு சீட்டை தொலைச்சுடாதீங்க, ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கு முதல்ல அதைத்தான் கேப்பாங்க, அந்த பர்மிட்டுக்கு இறங்கின 30 நாளுக்குள்ள அப்ளை பண்ணியாகணும். மெடிக்கல் செக்கப்புக்கு வெறும் வயித்துல போங்க. ரெசிடென்ஸ் பர்மிட் ஒட்ட பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டு ரசீதுதான் குடுப்பாங்க, அந்த சமயத்துல ஊர் சுத்துற பிளான் எதுவும் வேண்டாம்.

இப்போ பேர் விஷயம். நம்ம பாஸ்போர்ட்ல பாதி பேருக்கு சர்நேம் கட்டமே காலி, மீதி பேருக்கு அப்பா பேர் அங்க உக்காந்திருக்கும். கார்த்திகேயன், அப்பா பேர் முருகேசன்னு வச்சுக்குவோம். சிம் கடையில இருக்குற பொண்ணு கார்த்திகேயன் முருகேசன்னு அடிக்கும், பேங்க்ல முருகேசன்கார்த்திகேயன்னு இடைவெளி இல்லாம ஒட்டி அடிப்பாங்க, கட்டம் சின்னதா இருந்தா கடைசி ரெண்டு எழுத்தை அது பாட்டுக்கு வெட்டிடும். அந்த நிமிஷம் யாருக்கும் ஒன்னும் தெரியாது, எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சீல் குத்தி குடுப்பாங்க. அப்புறம் அலிபே, அதாவது அங்க எல்லாரும் போன்ல காசு குடுக்குற ஆப்ல பேங்க் கார்டை சேக்கப் போனா தகவல் பொருந்தலைன்னு சிவப்புல காட்டும், ஏன்னா பேரு, பாஸ்போர்ட் நம்பர், போன் நம்பர் மூணும் பேங்க்ல இருக்குற மாதிரியே ஒரு எழுத்து மாறாம இருக்கணும்.

அதனால ஒரு பேப்பர்ல கேப்பிட்டல் லெட்டர்ல உங்க பேரை விசா ஸ்டிக்கர்ல இருக்குற வரிசையிலயே எழுதி பையில வச்சுக்கோங்க, எங்க போனாலும் அதையே நீட்டுங்க. முதல்ல சிம், அந்த நம்பரை வச்சு பேங்க் அக்கவுண்ட், அதுக்கப்புறம்தான் அந்த அக்கவுண்டை அலிபேலயும், மெசேஜுக்கும் காசு குடுக்கவும் இருக்குற வீசாட் ஆப்லயும் சேக்கணும், இந்த வரிசையை மாத்தாதீங்க. பேங்க்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஸ்கிரீனை இந்தப்பக்கம் திருப்ப சொல்லி இடைவெளி எங்க இருக்குன்னு பாத்து அதை போட்டோ எடுத்துக்கோங்க, கவுன்டர்ல இருக்குறவங்க கொஞ்சம் முறைச்சா முறைச்சுக்கட்டும். அக்கவுண்ட் வர்ற வரைக்கும் ஊர் பேங்க் குடுத்த விசா கார்டோ மாஸ்டர்கார்டோ அலிபேல சேத்து ஓட்டலாம், 200 யுவானுக்குள்ள கட்டணம் இல்ல, தாண்டினா 3 சதவீதம். பாஸ்போர்ட் புதுப்பிச்சா முதல் வேலையா பேங்க்ல மாத்துங்க, இல்லேன்னா ஒரு நாள் காலையில டீக்குகூட காசு குடுக்க முடியாம நிப்பீங்க.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் ஓடாது. ஊர் சிம்மை ரோமிங்ல உயிரோட வச்சிருந்தா அதுல வேலை செய்யும், ஊர் பேங்க் ஓடிபிக்கும் அது வேணும். வீட்ல அம்மா அப்பா போன்ல வீடியோ கால் பேச என்ன வழின்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாத்து வச்சுடுங்க.

ஸ்கூல்ல உங்க பேரு வாய்ஜியாவ், வெளிநாட்டு டீச்சர். மரியாதைக்கு குறைச்சல் இருக்காது, தகவல்தான் கடைசியா வரும். ராத்திரி ஒன்பதரைக்கு வீசாட் குரூப்ல சீன மொழியில நீளமா ஒரு மெசேஜ் விழும், வரிசையா எல்லாரும் 'ஷோவ்தாவ்'னு போடுவாங்க, கிடைச்சுதுன்னு அர்த்தம். நீங்களும் போடலாம், ஆனா மெசேஜை அழுத்தி பிடிச்சு டிரான்ஸ்லேட் பண்ணி படிச்சுட்டு போடுங்க, நாளைக்கு மூணாவது பீரியட் உங்க கிளாஸ்ல வெளியாளுங்க வந்து உக்காரப் போறாங்கன்னு அதுலதான் இருக்கும். ஒவ்வொரு கிளாஸுக்கும் பான்ஜூரென்னு ஒரு கிளாஸ் டீச்சர் உண்டு, பசங்களோட மார்க், சண்டை, காய்ச்சல் எல்லாம் அவங்க தலையிலதான், அவங்களை நண்பராக்கிக்கிட்டா பாதி பிரச்சனை உங்க காதுக்கே வராது. மத்தியானம் சாப்பிட்டதும் லைட்டை அணைச்சுட்டு பசங்க டெஸ்க்லயே கவுந்து தூங்குவாங்க, டீச்சருங்களும் மடிப்பு கட்டிலை விரிச்சு படுத்துடுவாங்க, அந்த நேரத்துல சந்தேகம் கேக்க யார் ரூம் கதவையும் தட்டாதீங்க. நடுவுல பாட்டு போட்டு கண்ணை சுத்தி தேச்சு விடுற பயிற்சி ஒன்னு நடக்கும், அப்போ பாடம் எடுக்க நினைக்காதீங்க, நீங்களும் சேந்து தேச்சுக்கோங்க, நல்லாத்தான் இருக்கும்.

லீவு கணக்குல உஷாரா இருங்க. அக்டோபர் 1 தேசிய நாளுக்கு ஒரு வாரம் லீவுன்னு சந்தோஷப்படுவோம், அதுல சில நாளுக்கு பதிலா முன்ன பின்ன வர்ற சனி ஞாயிறுல வேலை வைப்பாங்க, எந்த கிழமை டைம்டேபிள்னு ஸ்கூல் சொல்லும், பல சமயம் முந்தின நாள்தான் சொல்லும். வருஷ காலண்டரை அரசாங்கம் முன்கூட்டியே வெளியிடும், அதை பாக்காம பிளைட் டிக்கெட் போடாதீங்க. டிரெயினுக்கு 12306ன்னு ரயில்வே ஆப், புக்கிங் 15 நாள் முன்னாடி திறக்கும், பாஸ்போர்ட்தான் டிக்கெட்.

சாப்பாடு, சைவம்னா கொஞ்சம் கஷ்டம்தான். பீன்ஸ் வறுவல்னு ஆர்டர் பண்ணா மேல பன்னிக்கறி தூவி வரும், மாப்போ டோஃபுன்னு சோயா பன்னீர்ல பண்ற கார அயிட்டத்துலயும் கொத்துக்கறி உண்டு, கறி வேண்டாம்னு சொன்னா துண்டை எடுத்துட்டு அதே குழம்பை குடுப்பாங்க. 'வோ ச்சீ சூ', நான் சைவம்னு போன்ல எழுதி காட்டுங்க, புத்த கோயில் பக்கத்துல சைவ ஓட்டல் தேடுங்க. மசாலா சாமான் தாவோபாவ்ங்குற ஆன்லைன் கடையில கிடைக்கும். துவரம்பருப்புக்கும் கறிவேப்பிலைக்கும் ஏங்குறவங்க குவாங்ஜோ, யீவூ பக்கம் போற ஃபிரண்டை பிடிங்க, நம்ம நாட்டு வியாபாரிங்க அங்க நிறைய. இன்னொன்னு, குந்துற டாய்லெட் நமக்கு பழக்கம்தான், ஆனா மக்கும் கிடையாது தண்ணியும் கிடையாது, பையில டிஷ்யூ எப்பவும் இருக்கட்டும். ஹுவாய் ஆத்துக்கு தெக்க வேலைன்னா ஸ்வெட்டர் கூட ரெண்டு எடுத்துக்கோங்க, வடக்குல பைப் வழியா வீட்டுக்கே சூடு வரும், தெக்க அது கிடையாது.

ஆஸ்பத்திரியில முதல்ல குவாஹாவ், அதாவது டோக்கன், எந்த டிபார்ட்மென்ட்னு நீங்களே சொல்லணும். டாக்டர் எழுதினதும் காசு கட்டிட்டுத்தான் டெஸ்ட், ரிப்போர்ட்டோட திரும்ப அவர்கிட்டயே போகணும். ரூமுக்குள்ள அடுத்த பேஷன்ட் உங்க தோள்பக்கம் நின்னு எட்டிப் பாத்தா கோவப்படாதீங்க, அவரும் டோக்கன் போட்டவர்தான்.

ஊருக்கு பணம் அனுப்ப பாஸ்போர்ட், பர்மிட், வேலை கான்ட்ராக்ட், வரி கட்டின சான்று நாலும் வேணும், வரி சான்றை வரி ஆப்லயே எடுக்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீங்க. முதல் தடவை எப்படியும் நேரம் எடுக்கும், அங்கயும் பேரை சரிபாக்க சொல்லுங்க, ஊர் அக்கவுண்ட்ல இனிஷியல் முன்னாடி இருந்தா அதை அப்படியே எழுதணும், இல்லேன்னா பணம் போய்ட்டு திரும்பி வரும்.