மாண்டிலூகாஸ்ட் மாத்திரையும் இரவுக் கனவுகளும்

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடைத் தூசியால் வரும் மூச்சிரைப்புக்கும் தும்மலுக்கும் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை இரவுதோறும் உட்கொள்ளத் தொடங்கியபின் மூச்சு சீரானது. ஆனால் கொடுங்கனவுகள் தூக்கத்தைக் கெடுத்தன. மாலைக் காபியை விட்டும் பயனில்லை. வேறு பெயரில் வாங்கிய மாத்திரையும் அதையே செய்தது. அட்டையின் பின்புறப் பொடியெழுத்தைப் படித்தபோதுதான் இரண்டிலும் மூச்சிரைப்பைத் தடுக்கும் மாண்டிலூகாஸ்ட் 10 மி.கி., தும்மலை அடக்கும் லெவோசெட்டிரிசின் 5 மி.கி. என்ற ஒரே கலவை இருப்பது தெரிந்தது. தூக்கக் கலக்கம் தரும் லெவோசெட்டிரிசினையே பலரும் சந்தேகிப்பர். ஆனால் கெட்ட கனவு, மனச்சோர்வு போன்ற விளைவுகளுக்காக 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது மாண்டிலூகாஸ்ட்டுக்கு. இரண்டு அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டினேன். அவர் அதை நிறுத்தி, தடுப்பு இன்ஹேலரும் மூக்கு ஸ்பிரேயும் தந்தார். கனவுகள் அகன்றன, நிம்மதி. திடீர் இரைப்புக்கு அம்மாத்திரை எப்போதுமே உதவாது என்பதால், சால்பியூட்டமால் இன்ஹேலரை இப்போதும் கையோடு வைத்திருக்கிறேன்.